எதிர்மலைக் கண்ணாடி

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சன்னல் கிடையாது. பல்கலைக்கழகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. உள்ளே இரண்டு கனத்த இரும்பு மேசைகள், மேசை நிறைய விரல் நீளக் கண்ணாடிகளும் வில்லைகளும். ஒரு சிறு கண்ணாடிக் குப்பிக்குள் ருபீடியம் என்ற உலோகத்தின் ஆவி இருக்கும். அந்த அணுக்கள் தமக்கு உரிய நிறத்தை மட்டுமே ஏற்கும். அந்த நிறத்தோடு லேசரைக் கட்டிப்போட்டுவிட்டால் அது இப்படி அப்படி அசையாது. காலையில் வந்ததும் கட்டிப்போடுவோம். மத்தியானத்துக்குள் அறுத்துக்கொண்டு ஓடிவிடும். மறுபடி கட்டுவோம். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்ததிலிருந்து என் பிழைப்பு இதுதான்.

நாங்கள் நான்கு பேர். தலைவர் ஈப்போவைச் சேர்ந்த சீனப் பெண்மணி. புரொப் என்று கூப்பிடுவோம். கிளந்தான் மாநிலத்து மலாய்க்காரரான ஆய்வுக்கூட உதவியாளர் ஓய்வு வயதை நெருங்கியவர் என்றாலும் எல்லோருக்கும் அபாங், அதாவது அண்ணன். அடுத்தவர் வங்காள தேசத்திலிருந்து வந்த ஆய்வாளர். அவரை பாய் என்போம். அவர்கள் மொழியில் அதற்கும் அண்ணன் என்றுதான் பொருள். நான்காவது ஆள் நான், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். எங்களுக்குள் ஆங்கிலமும் மலாயும்தான் பேச்சு. இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

பாயின் பக்கத்து மேசையில் இரண்டு வருடங்கள் வேலை செய்தேன். அவருக்கு எத்தனை உடன்பிறப்புகள் என்றுகூட எனக்குத் தெரியாது. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போவார், கழுவிக்கொண்டு வருவார். லேசரைப் பற்றிக் கேட்டால் பொறுமையாக விளக்குவார். வேறு எதைக் கேட்டாலும் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். அந்த வருடத்தோடு அவருடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது என்பது மட்டும் புரொப் சொல்லித் தெரியும். நல்ல முடிவு ஒன்று கையில் கிடைத்தால்தான் நீட்டிப்பு கேட்க முடியும்.

ஒரு நாள் புரொப் லேசரை வெளியே கொண்டுபோக வேண்டும் என்றார். தூரத்தில் இருக்கும் இரண்டு அணுக் கடிகாரங்களை ஒளி வழியாகவே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், நடுவில் உள்ள காற்று ஒளியை எவ்வளவு அலைக்கழிக்கிறது என்று முதலில் அளக்க வேண்டும். அதற்கு ஒரு பள்ளத்தாக்கு தேவை. இந்தப் பக்கம் லேசர், அந்தப் பக்கம் கண்ணாடி, நடுவே மரமோ கட்டடமோ கூடாது, வெயிலும் அதிகம் கூடாது.

"எங்க தோட்டத்துலயே அப்படி ஓர் இடம் இருக்கு," என்றேன்.

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. புரொப் அப்போதே கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டச் சொன்னார். கிராணி வீடு என்று இன்றும் சொல்லப்படும் பழைய எழுத்தர் வீடு ஒரு சரிவில் காலியாக நின்றது. அதன் முன்னறையிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தேயிலை, நேர் எதிரே இன்னொரு மலை. துரை, அதாவது தோட்ட மேலாளர், அனுமதி கொடுத்தார். எங்கள் துரை இளவயது மலாய்க்காரர். அவரை யாராவது அப்படிக் கூப்பிட்டால் இன்னும் வெட்கப்படுவார். வீட்டையும் மின்சாரத்தையும் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முறை காட்டினால் போதும் என்றார்.

வீட்டுக்குப் போன் செய்தேன். என் அப்பா கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அம்மா நெடுநாள் கொழுந்து எடுத்தவர், இப்போது ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

"நாலு பேரு வர்றோம்மா. கிராணி வீட்லதான் தங்கப் போறோம்."

"தங்குறது இருக்கட்டும். என்ன சாப்புடுவாங்க?"

"ரெண்டு பேரு முஸ்லிம்மா. சீனம்மா எல்லாம் சாப்புடுவாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். நாங்கள் வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாக ஏறி, ரிங்லெட்டைத் தாண்டி, வளைவுக்கு வளைவு அபாங் வாந்தியை அடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, அம்மா, ஹலால் இல்லாத இறைச்சி பட்ட பாத்திரம் வேண்டாமென்று, புதிதாக இரண்டு சட்டியும் ஒரு பானையும் ஆறு தட்டும் வாங்கி வைத்திருந்தார். நாங்கள் இருக்கும்வரை வீட்டில் மீன், முட்டை, காய்கறி மட்டும்தான் சமைப்பதாக முடிவெடுத்திருந்தார். என்னிடம் கேட்கவும் இல்லை, அவர்களிடம் அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. இரண்டாம் நாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அபாங்தான் கவனித்தார்.

"இதெல்லாம் புதுசு," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "உன் அம்மா எங்களுக்காக வாங்கியிருக்காங்க."

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

எதிர்மலையில் கண்ணாடியை வைக்க வேண்டிய இடம் கொங்சி என்று நாங்கள் சொல்லும் தொழிலாளர் குடியிருப்புக்கு மேலே இருந்தது. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் வங்காள தேசத்து ஆட்கள். இன்று எங்கள் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு சரிவில் நடப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். லயத்துப் பிள்ளைகள் என்னைப் போலப் படித்தோ வேறு வேலை தேடியோ கீழே இறங்கிவிட்டார்கள்.

எங்களிடம் இருந்தது தட்டையான பெரிய கண்ணாடி. வெயில் ஏறினால் அதன் சட்டம் சூடாகி ஒரு மயிரிழை திரும்பிவிடும். மயிரிழை திரும்பினாலும் ஒளி கிராணி வீட்டை விட்டு விலகி எங்கோ தேயிலைக்குள் போய்விழும். ஆகவே ஒருவர் கண்ணாடி அருகிலேயே இருந்து, இந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்ல, திருகுகளைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பாய் தானே போவதாகச் சொன்னார்.

அவர் ஊர்க்காரர்களைப் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முதல் நாள் மாலை திரும்பி வந்தவர் முகம் வாடியிருந்தது. என்ன என்று கேட்டேன்.

"என்னை சார் என்று கூப்பிடுகிறார்கள்," என்றார். "நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்கள். நான் உட்கார்ந்ததும் அவர்கள் நிற்கிறார்கள்."

சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

முதல் சில நாட்கள் பனிமூட்டம். கேமரன் மலையில் பிறந்தவளுக்குப் பனிமூட்டத்தைப் பற்றித் தெரியாதா என்று புரொப் கேட்டால் என்ன சொல்வது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கேட்கவே இல்லை. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். நடுநடுவே மூட்டம் விலகும் நேரத்தில் ஒளியை அனுப்புவோம். எதிர்மலையில் பட்டு, திரும்பி வந்து, எங்கள் கருவிக்குள் ஒரு நிமிடம் விழும். திரையில் கோடு ஒன்று எழும்பும். எல்லோரும் மூச்சைப் பிடிப்போம். மூட்டம் வந்து மூடிக்கொள்ளும்.

அப்படி ஒரு மத்தியானம் மழை விட்டிருந்தது. நான்தான் வாக்கி டாக்கியில் இருந்தேன்.

"பாய், வருது, வருது. இடது திருகைக் கொஞ்சமாகத் திருப்புங்க."

பதில் இல்லை.

"பாய்?"

கரகரவென்று சத்தம். பிறகு எனக்குத் தெரியாத குரல் ஒன்று, வங்காள நெடியோடு, ஆனால் சுத்தமான தோட்டத்துத் தமிழில் வந்தது.

"அக்கா, சார் விழுந்துட்டாரு அக்கா. சாமான் எடுக்கக் கீழ இறங்குனாரு, வழுக்கிடுச்சு. கால் வீங்கிப் போச்சு. லோரி அனுப்புங்க, நாங்க ரோட்டுக்குத் தூக்கிட்டு வர்றோம்."

நான் ஓடினேன். அப்பாவின் லோரி நிறுவைக் கொட்டகையருகே பாதிக் கொழுந்தோடு நின்றது. விஷயத்தைச் சொன்னதும் அப்பா ஏற்றிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். எதிர்மலைச் சாலையில் நாங்கள் போய் நின்றபோது, நான்கு பேர் கொழுந்துச் சாக்கை இரண்டு இரும்புக் குழாய்களில் கட்டி அதில் பாயைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சரிவு அவ்வளவு செங்குத்து. அவர்கள் காலில் பூட்ஸ் சேற்றில் புதைந்து புதைந்து எழுந்தது. ஐந்தாவது ஆள் முன்னால் நடந்து வழியில் நீண்டிருந்த கிளைகளை விலக்கிக்கொண்டே வந்தார். வாக்கி டாக்கியில் பேசியவர் அவர்தான். இந்தத் தோட்டத்துக்கு வந்து வெகுகாலம் ஆகிறது, எங்கள் அப்பாவோடு லோரியில் ஏற்றியிறக்கித் தமிழ் கற்றுக்கொண்டவர் என்று பிறகு தெரிந்தது.

பாய் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனால் முதலில் அவர் சொன்னது, "கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை."

"கண்ணாடி கெடக்குது லா," என்றார் அப்பா. "ஏறு தம்பி, முன்னாடி உக்காரு."

என் மடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் அவர் காலை வைத்துக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணுக்கால் எலும்பில் முறிவு. அறுவைச் சிகிச்சை வேண்டியதில்லை, மாவுக்கட்டு போதும், ஆனால் காலைக் கீழே ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொன்னார். பின்னால் வேனில் வந்து சேர்ந்த புரொப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாளைக்கே கருவிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம் என்றார்.

"வேண்டாம், புரொப்," என்றார் பாய். "இன்னும் ஒரு நாள்கூட வானம் முழுதாகத் தெளியவில்லை. ஒரே ஒரு நல்ல காலை போதும்."

"அளவை இன்னொரு வருடம் எடுக்கலாம். உனக்குக் கால் முக்கியம்."

"எனக்கு இன்னொரு வருடம் இல்லையே."

புரொப் அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, நீட்டிப்புக்குத் தாம் எப்படியும் போராடுவதாகவும், அதற்காக அவர் காலைப் பணயம் வைக்கக்கூடாது என்றும் சொன்னார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அன்றுதான். பாய் அழுதுவிட்டார். நான் வெளியே வந்து அப்பாவோடு நின்றுகொண்டேன்.

நாங்கள் கிராணி வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா குடையோடு வாசலில் நின்றார். விஷயம் அதற்குள் லயம் முழுக்கப் பரவியிருந்தது.

"இந்தத் தம்பிய எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்க," என்றார். "இங்க கக்கூசுக்குப் படி எறங்கணும். இவரு எப்படிப் போவாரு? எங்க வீட்ல எல்லாம் ஒரே மட்டம்."

இந்த யோசனை எங்களில் யாருக்கும் வந்திருக்கவில்லை. புரொப்புக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கிளம்புவதைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

பாய் எங்கள் லயத்து வீட்டின் முன்கூடத்தில், நான் பள்ளிக்கூட நாட்களில் படித்த மேசையை நகர்த்திவிட்டுப் போட்ட கட்டிலில் படுத்தார். கட்டிலுக்கு எதிரே சுவரில் சாமி படங்கள் இருந்தன. முதல் நாள் மாலை அவர் தொழுகைக்காகச் சங்கடத்தோடு அபாங்கைப் பார்ப்பதை அம்மா பார்த்துவிட்டார். அபாங்கிடம் திசையைக் கேட்டு, உள்ளறையில் அந்தத் திசைக்கு ஒரு நாற்காலியைப் போட்டு, காலை நீட்டிக்கொள்ள ஒரு முக்காலியும் வைத்தார். அபாங் அவரைத் தாங்கி உள்ளே கூட்டிப் போனார். அந்த நேரத்தில் அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வெங்காயம் உரித்தார். அடுத்தடுத்த நாட்களில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அம்மா தமிழில் பேசுவார். பாய் மலாயில் பதில் சொல்வார். பாதி புரியும், பாதி புரியாது. "இன்னும் ரெண்டு கரண்டி போடவா?" என்று அம்மா கரண்டியை நீட்டினால் அவர் "சூடா, சூடா" என்பார். போதும் என்பதற்கு மலாயில் அவர் சொல்வது 'சூடாஹ்'. அம்மா அதைச் சூடு என்று நினைத்து, "சூடாத்தான் இருக்கு தம்பி, சாப்புடுங்க," என்று இன்னும் இரண்டு கரண்டி போட்டார். இரண்டு நாள் அவர் எதிர்ப்பில்லாமல் சாப்பிட்டார். நான் கவனித்து விளக்கிச் சொன்னபோது மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டு வருடங்களில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

மாலையில் கொங்சியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதல் நாள் வாசலிலேயே நின்றார்கள். பிரிஞ்சாங்கில் அவர்கள் நாட்டுக்காரர் ஒருவர் வைத்திருக்கும் கடையிலிருந்து அவர்கள் ஊர் மீனை வாங்கி, கடுகு அரைத்துச் சமைத்து, தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். தமிழ் பேசுபவர் அதை அம்மாவிடம் நீட்டினார்.

"அக்கா, முள்ளு ஜாஸ்தி. பாத்துச் சாப்புடணும்."

"உள்ள வாங்களேன்," என்றார் அம்மா. அவர்கள் பாயைப் பார்த்தார்கள்.

பாய் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். தம் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். வெகுநேரம் சொன்னார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கட்டிலின் ஓரத்திலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று பிறகு தமிழ் பேசுபவர் எனக்குச் சொன்னார். பாயின் பெரியண்ணன் பல வருடங்களுக்கு முன் இதே நாட்டில், ஜோகூரில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தாராம். அந்த உழைப்பில்தான் பாய் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் போனாராம். 'என் அண்ணன் முன்னால் நான் நாற்காலியில் உட்கார்ந்து அவர் நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? நீங்கள் நின்றால் எனக்கு அப்படித்தான் இருக்கிறது,' என்றாராம். அன்றிலிருந்து சார் போய்விட்டது. அவர்களுக்கும் அவர் பாய்தான்.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் கூடம் நிறைந்தது. ஒரு மாலை தமிழ் பேசுபவர் பாயிடம் அவருடைய அம்மாவுக்குச் சொல்லிவிட்டாரா என்று கேட்டார். சொல்லவில்லை. கவலைப்படுவார் என்று மறைத்திருந்தார். எல்லோருமாகச் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். மொழி தெரியாத எனக்கே திட்டுகிறார்கள் என்று புரிந்தது. கடைசியில் அவர் கைப்பேசியை எடுத்தார். எங்கள் வீட்டில் சமையலறைச் சன்னலருகே மட்டும்தான் படம் தெரியும் அளவுக்கு இணைப்பு கிடைக்கும். ஆகவே அவரை நாற்காலியோடு தூக்கி அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்.

திரையில் வெள்ளை முக்காடிட்ட ஒரு முகம் தெரிந்ததும் அவர் "ஆம்மா" என்றார்.

அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்ற என் அம்மா, "என்ன தம்பி, தண்ணி வேணுமா?" என்று திரும்பினார்.

கொங்சி ஆட்கள் வெடித்துச் சிரித்தார்கள். பாய் சிரித்துக்கொண்டே கைப்பேசியை அம்மா பக்கம் திருப்பினார். அவர்கள் வீட்டிலும் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றார். அந்தப் பக்கத்து அம்மா மகனின் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கியிருந்தார். தமிழ் பேசுபவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னார்.

"அக்கா, அவங்க கேக்குறாங்க, புள்ள சாப்புடுறானா?"

"நல்லா சாப்புடுறாரு, கவலப்படாதீங்கன்னு சொல்லு. எலும்பு சேந்துடும், சின்ன வயசுதானே. எம் புள்ள மாதிரி பாத்துக்கிறேன்னு சொல்லு."

அவர் சொன்னார். அந்த அம்மா ஏதோ பதில் சொன்னார். தமிழ் பேசுபவர் அம்மா பக்கம் திரும்பினார்.

"அவங்க சொல்றாங்க, என் ரெண்டு புள்ளைங்களும் உங்க நாட்டுக்கு வந்தாங்க. பெரியவன் வந்தப்போ அவனுக்குக் காய்ச்சல்னா யாரு பாத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. இப்போ ஒரு மொகத்தப் பாத்துட்டேன், போதும்னு."

அம்மா திரையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

இதற்கிடையில் வேலையை நாங்கள் மாற்றி வைத்துக்கொண்டோம். பாயின் இடத்தில் நான் எதிர்மலைக்குப் போவது, அவர் லேசர் பக்கம் உட்கார்ந்து எனக்கு வழி சொல்வது. காலையில் அப்பா அவரைக் காரில் ஏற்றிக் கிராணி வீட்டில் இறக்கிவிடுவார். அபாங் அவரை முதுகில் சுமந்து உள்ளே கொண்டுபோய் வைப்பார். "என் பேரப்பிள்ளை இவனைவிடக் கனம்," என்பார்.

நான் முதல் முறை எதிர்மலைக்குப் போனபோது பாய் வழுக்கிய சரிவில் கொங்சிக்காரர்கள் படிகள் வெட்டியிருந்தார்கள். சங்கோல் என்னும் மண்வெட்டியால் மண்ணைச் செதுக்கி, ஒவ்வொரு படிக்கும் பழைய பலகைத் துண்டு கொடுத்து, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறும் கட்டியிருந்தார்கள். அவர் விழுந்த மறுநாளே, வேலை விட்டு வந்த பிறகு செய்தார்களாம். எனக்கு யாரும் அதைக் காட்டவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் ஏறினேன்.

அந்த நல்ல காலை சொல்லாமல் வந்தது. விடிந்ததும் மூட்டம் பள்ளத்தாக்கின் அடியில் மட்டும் கிடந்தது. மேலே வானம் கழுவியது போல இருந்தது. நான் கண்ணாடியருகே போய் நிற்பதற்கு முன்பே பாயின் குரல் கேட்டது.

"எங்கே இருக்கீங்க? சீக்கிரம், சீக்கிரம்."

"மூச்சு வாங்குது, பாய்."

"அப்புறம் வாங்கலாம். வலது திருகு."

இவ்வளவு அதிகாரமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. வலது திருகைத் தொட்டேன். இன்னும் கொஞ்சம் என்றார். கொஞ்சம் பின்னால் என்றார். பிறகு அமைதி. வாக்கி டாக்கியைக் காதில் அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் புரொப் ஏதோ கத்துவது கேட்டது.

"கையை எடுத்துடுங்க," என்றார் பாய், மிக மெல்ல. "வந்துடுச்சு. நிக்குது."

எட்டி நின்றேன். பள்ளத்தாக்கின் மேலே, வெறும் காற்றில், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. கீழே கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. வெயில் ஏறியதும் சட்டம் சூடாகத் தொடங்கியது. கோடு இறங்குவதாகப் பாய் பதறினார். அன்று ஓய்வுநாளில் இருந்த கொங்சிக்காரர்கள் இரண்டு பேர் என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். வெயில் படக்கூடாது என்று சொன்னேன். அவர்கள் போய் மழைக்கு விரிக்கும் நீலப் படுதாவைக் கொண்டுவந்து, இரண்டு கம்புகளில் கட்டி, ஒளியின் வழியில் குறுக்கிடாதபடி நான் காட்டிய பக்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். கை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். ஒருவர் இடையில் போய்ப் பால் ஊற்றிய தேநீரும் ரொட்டியும் கொண்டுவந்தார். வாக்கி டாக்கியில் பாய் அவர்களோடு அவர்கள் மொழியில் பேசுவார், அவர்கள் சிரிப்பார்கள், படுதா ஆடும், அவர் பதறுவார், மறுபடி சிரிப்பார்கள்.

மத்தியானம் கடந்து மூட்டம் மேலேறி வந்து எல்லாவற்றையும் மூடும்வரை ஒளி அறாமல் வந்தது. எங்களுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே கிடைத்தது. நான் எதிர்மலையிலிருந்து கிராணி வீட்டுக்குத் திரும்பியபோது புரொப் வாசற்படியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அம்மா கொடுத்தனுப்பிய தக்காளிச் சோற்றைக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாய் திரையை என் பக்கம் திருப்பினார். காற்று ஒளியை உலுக்கியது எல்லாம் அதில் ஏறி இறங்கி எழுதப்பட்டிருந்தது. அபாங் மட்டும், "இதற்கா இவ்வளவும்?" என்று கேட்டுவிட்டு எங்கள் இரண்டு பேர் தலையிலும் கை வைத்தார்.

துரைக்குக் கொடுத்த வாக்குப்படி பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினோம். லயத்துப் பிள்ளைகளோடு அவர்கள் அம்மாக்களும் கொங்சி ஆட்களும் வந்துவிட்டதால் கிராணி வீட்டில் நிற்க இடமில்லை. பாய் நாற்காலியில் உட்கார்ந்தபடி மலாயில் விளக்க, நான் தமிழில் சொல்ல, கடைசியில் யார் எந்த மொழியில் கேட்கிறார்கள் என்றே தெரியாமல் போய்விட்டது. கிளம்பும் நாளில் புரொப் கியா பார்ம் சந்தையில் நிறைய ஸ்ட்ராபெரி வாங்கி லயத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்தார். அங்கேயே வளரும் பழத்தை அங்கேயே இருப்பவர்களுக்கு யாராவது வாங்கித் தருவார்களா என்று நான் கேட்கவில்லை. எல்லோரும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

பாயின் கால் கூடியது. ஒப்பந்தமும் நீண்டது. அந்த அளவைகளை வைத்துத்தான் இப்போது என் ஆய்வேட்டின் பெரிய அத்தியாயத்தை எழுதியிருக்கிறேன். பாய் பிறகு தம் நாட்டிலேயே விரிவுரையாளர் வேலை கிடைத்துப் போய்விட்டார். போவதற்கு முன் தனியாகப் பேருந்தேறி மலைக்குப் போய், ஒரு நாள் எங்கள் வீட்டிலும் ஒரு நாள் கொங்சியிலும் தங்கிவிட்டு வந்தார். நான் அப்போது ஆய்வுக்கூடத்தில் லேசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கே சொல்லவில்லை.

நான் பிறந்த லயத்தையும் நான் வேலை செய்யும் அறையையும் ஒரே பேச்சில் சேர்த்துச் சொல்ல எனக்கு முன்பெல்லாம் வராது. இப்போது யார் கேட்டாலும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு நான் எழுதும் மொழி படிக்கத் தெரியாது. நேரில் சொல்லப் போனாலும் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இரண்டு அம்மாக்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் பேசுகிறார்கள். நடுவில் சொல்ல யாரும் இல்லை. இவருக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு இவர் மொழி தெரியாது. சமையலறைச் சன்னலில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, என்ன சமைக்கிறோம் என்று மூடியைத் திறந்து மாற்றி மாற்றிக் காட்டிக்கொள்கிறார்கள். போன வாரம் நான் வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா வெகுநேரம் சன்னலருகே நின்றார். முடித்துவிட்டு வந்ததும் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"அந்தம்மா கத்திரிக்காயச் சுட்டு என்னமோ பண்ணுறாங்க. பாக்க நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா வாசம் மட்டும் வர மாட்டேங்குது லா."